அடுக்களையும் இருட்டறையும்

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நம் சங்கத்துச் செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் சற்றே தயங்கினோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடு எழுதி வருகின்ற ஓர் எழுத்தர் வரலாறு எழுதப் புகுவது தகுமோ என்னும் ஐயமே அத்தயக்கத்திற்குக் காரணம். மன்னர் வரலாறும் கோயில் வரலாறும் எழுதுதற்குப் புலவர் பலர் உளர். சொந்த ஊரை விட்டு மலையாள நாட்டிற்கு வந்த தமிழர் எத்தொழிலைச் செய்து, எந்த மாதத்தில் உண்டு, எந்த மாதத்தில் கடன்பட்டு வாழ்ந்தனர் என்பதை எழுதுவாரோ மிகச் சிலர். எம் கையில் அதற்கொரு சான்று இருக்கின்றது. எம் பெரியப்பா விட்டுச்சென்ற கணக்கு நோட்டு அது. முன்புறமிருந்து புரட்டினால் கலியாணச் சமையலுக்குரிய சாமான் ஜாபிதா. தலைகீழாகத் திருப்பிப் பின்புறமிருந்து புரட்டினால் நிழற்படம் எடுத்துக்கொண்டவர்களின் பெயரும் பட எண்ணும். ஒரே நோட்டில் இரண்டு பிழைப்பு. அதனைத் துணைக்கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் நிற்க, அதன் நடுவே முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் வாயில் திறந்தாற்போல் அமைந்துள்ளது பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மாட்டு வண்டியும் போலவே, பிழைப்புத் தேடிய தமிழரும் இவ்வழியாகவே மேற்கே வந்தனர். கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் 15-ஆம் நூற்றாண்டினது என்பர். அதனைச் சூழவும், நூரணி முதலிய இடங்களிலும் தமிழ் அந்தணர் அக்கிரகாரங்கள் பெருகின. அவர்களுள் நிலமும் கல்வியும் ஒருங்கே உடையார் எல்லாரும் அல்லர். இல்லாதார்க்குக் கைகொடுத்தது கரண்டியே. திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளிலும், மார்த்தாண்டவர்ம மன்னர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிவைத்து ஆறாண்டுக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் நடைபெறும் முறைஜபத்திலும் எண்ணற்ற இலைகளுக்குச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. விருந்துச் சமையலுக்குப் பாலக்காட்டுத் தமிழில் ‘தேகண்டம்’ என்று பெயர். அதனைச் செய்பவர் தேகண்டக்காரர். மலையாளத்தாரும் இச்சொல்லையே வழங்குவர். உருளி, வார்ப்பு, சட்டுவம் என்னும் பாத்திர பண்டங்களோடு இச்சொல்லும் இரு மொழிக்கும் பொதுவாயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. தேகண்டக்காரர்க்கு வேலை கிடைத்தது கைப்பக்குவத்தால் மட்டுமன்று. அந்தணர் கையால் சமைத்ததை எல்லாச் சாதியாரும் உண்பர் என்னும் வழக்கமே அவர்களைப் பெரிய விருந்துகளின் அடுப்படிக்குக் கொண்டு சேர்த்தது. அவ்வழக்கமே பிறர் பலரை அடுப்படிக்கு வெளியே நிறுத்தியது. எம் அலுவலகத்து முன்னோர் பணிபுரிந்த தென்னிந்திய இருப்புப்பாதையின் சிற்றுண்டிச் சாலைகளில்கூட அந்தணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் முறை இருந்து, பெரியார் முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின் 1941-இல்தான் அது நீங்கிற்று.

சமையலையே தனித் தொழிலாகக் கொள்ளாமல், வேறொரு தொழிலின் அருகில் வைத்து வளர்த்தவரும் உளர். பாலக்காட்டிலிருந்து கோவை செல்லும் பக்கத்தில் எலப்புள்ளியை அடுத்த இராமசேரி என்னும் சிற்றூரின் இட்டிலியை அறியாதார் இலர். தட்டையாய், துணியின்மேல் வார்த்து, மண்சட்டி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேகவைக்கப்படுவது அது. செய்பவர் முதலியார் குலத்துக் குடும்பத்தார். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து நெசவாளராக வந்தவர் என்று அவர்கள் தம் முன்னோரைப் பற்றிக் கூறுவர். ஆடவர் தறியில் அமர, பெண்டிர் இட்டிலி செய்து வயல் வேலையாட்களுக்கு விற்றனராம். நாளடைவில் தறி ஓய்ந்தது, இட்டிலி நிலைத்தது. வந்த தொழில் ஒன்று, வாழ்வித்த தொழில் மற்றொன்று. புலம்பெயர்ந்தோர் வரலாற்றில் இது அடிக்கடி காணும் செய்தி.

இருப்புப்பாதை வந்தபின் சமையற்காரரின் உலகம் விரிந்தது. 1862-இல் சென்னையிலிருந்து வந்த பாதை இக்கணவாயைக் கடந்து மேலைக்கடலைத் தொட்டது. அதன்பின் பாலக்காட்டார் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் சென்றனர். எழுத்து வேலைக்குச் சென்றவர் பின்னாலேயே அவர்களுக்குச் சமைத்துப்போடச் சென்றவரும் போயினர். இவற்றினும் எம் கட்டுரைக்கு இன்றியமையாதது 1932-இல் திறக்கப்பட்ட பாலக்காடு – பொள்ளாச்சி மீட்டர் பாதை. உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல் வரையில் அது தொடர்ந்தது. அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

எம் குடும்பம் அக்கிரகாரத்தைச் சேர்ந்ததன்று. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து, சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை அருகே குடியமர்ந்தது. சித்தூர் அந்நாளில் கொச்சி அரசைச் சேர்ந்தது. பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. இரண்டும் கேரளத்தில் ஒன்றாகி, 1957-இல் பாலக்காடு மாவட்டம் அமைந்தது. அங்கு இன்றும் வீட்டிலும் சந்தையிலும் தமிழே மிகுதியாய்க் கேட்கும். அப்பகுதித் தமிழர் இல்லத் திருமணங்களுக்குச் சைவச் சமையல் செய்வதே எம் பெரியப்பாவின் தொழில். பதினைந்தாம் வயதில் எடுபிடி ஆளாகச் சேர்ந்து, தேங்காய் துருவி, இலை நறுக்கி, பத்தாண்டு கழித்துத் தாமே அச்சாரம் வாங்கும் நிலைக்கு உயர்ந்தார்.

நோட்டின் முதற் பக்கங்கள் 1961-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றில் அளவெல்லாம் இடங்கழியும் நாழியும் பலமுமாக இருக்கின்றன. மெட்ரிக் அளவை நாடெங்கும் வழக்கத்துக்கு வந்த காலம் அது. ஆகவே சில பக்கங்கள் கழித்து, நூறு இலைக்கு அரிசி 12 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, தேங்காய் 30 என்று எழுத்து மாறுகின்றது. தேங்காயின் எண்ணிக்கையைப் பார்த்தாலே இது கணவாய்க்கு மேற்கேயுள்ள சமையல் என்பது விளங்கும். ஓலனும் எரிசேரியும் மொளகூட்டலும் தமிழர் இல்லத்துப் பந்தியில் ஏறிவிட்டன. சாம்பாரும் இரசமும் இறங்கிவிடவில்லை. ஒவ்வொரு ஜாபிதாவின் கீழும் கூலிக்கணக்கு உண்டு. தலைமை ஆள், இரண்டு துணையாள், பாத்திரம் தேய்க்க ஒருவர். கொடுத்தது, பாக்கி என்று இரண்டு பத்திகள். பாக்கிப் பத்தியே நீளமாயுள்ளது.

இவர் காமிராவைக் கையிலெடுத்த கதைக்கு முன், அக்கலைக்கும் அடுக்களைக்கும் உள்ள உறவைச் சிறிது கூறுதல் வேண்டும். 1839-இல் பாரிசு நகரில் தகேர் என்பாரின் முறை வெளியிடப்பட்ட பின் ஓராண்டுக்குள் அக்கலை இந்தியாவை எட்டிற்று. 1850-களில் சென்னையில் நிழற்படச் சங்கம் தோன்றிற்று. அக்காலத்துப் படத்தாள் முட்டையின் வெண்கருவைப் பூசிச் செய்யப்பட்டது. செருமனி நாட்டுத் திரெசுதன் நகரத்து ஆலைகளில் அதற்காக நாள்தோறும் பல்லாயிரம் முட்டைகள் உடைபட்டன. பின்னர் 1871-இல் மாடக்சு என்னும் ஆங்கில மருத்துவர் செலட்டின் பூசிய தகட்டைக் கண்டார். செலட்டின் என்பது மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. சைவச் சமையற்காரரான எம் பெரியப்பாவிடம் இதனை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ அறியோம்.

கோடக் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஈசுட்மன் வரலாறு எமக்கு மிகவும் உகந்தது. அவரும் எம்மைப்போல் ஓர் எழுத்தரே. அமெரிக்காவின் ராச்செசுட்டர் நகரத்து வங்கி ஒன்றில் பகலெல்லாம் கணக்கெழுதி, இரவில் தம் தாயாரின் அடுக்களையில் செலட்டின் குழம்பைக் காய்ச்சிப் பார்த்தார். 1881-இல்தான் வங்கி வேலையை விட்டார். அவருக்கு அது வாய்த்தது. வேலையை விடத் துணியாத எழுத்தர் எத்தனை பேர் எத்தனை அடுக்களையில் என்னென்ன காய்ச்சினரோ, அவர்கள் பெயர் எந்நூலிலும் இல்லை.

எம் பெரியப்பா 1966-இல் பழைய இரட்டைக்கண் யாஷிகா காமிரா ஒன்றைப் பாக்கிக் கூலிக்கு ஈடாகப் பெற்றார். திருமண வீட்டார் பணம் கொடுக்க முடியாமல் கொடுத்த பொருள் அது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். மறு ஆண்டிலேயே உதகமண்டலத்தில் இந்துசுத்தான் போட்டோ பிலிம்சு என்னும் அரசுத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. ‘இந்து’ என்னும் பெயரிட்ட பொருள்கள் கடைகளுக்கு வந்தன. நீலகிரியில் செய்த சரக்கு கோவை வழியாகப் பாலக்காட்டை அடைவது எளிதாயிற்று.

திருமணத்துக்குச் சமைப்பவர் அத்திருமணத்துக்கே படமும் எடுத்தால் இரட்டை வருவாய் கிடைக்கும் என்று அவர் எண்ணினார். அங்கேதான் முதல் இடர்ப்பாடு. முதல் நாள் மாலையில் காய் நறுக்கத் தொடங்கி, இரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி, விடியுமுன் சிற்றுண்டியை முடித்து, முகூர்த்தம் ஒன்பது மணி என்றால் எட்டரைக்குக் குளித்து வேட்டி மாற்றி மணமேடைக்கு வருவார். தாலி கட்டும் கணத்தில் சமையற்கட்டில் பாலடைப் பிரதமன் கொதித்துக்கொண்டிருக்கும். அது இடைவிடாமல் துழாவப்பட வேண்டிய பண்டம். துணையாள் ஒருவன் ஒரு நொடி கெட்டிமேளம் பார்க்க எட்டிப்பார்த்தால் போதும், அடிப்பிடித்துவிடும். ஒரு வீட்டில் அவ்வாறே பிடித்தது. அதே வீட்டில், நீராவியிலிருந்து நேரே மேடைக்கு வந்த காமிராவின் கண்ணாடியில் பனி படிந்திருந்ததைக் காணாமல் எடுத்ததால், தாலி கட்டும் படம் வெறும் வெண்புகையாய் வந்தது. பாயசத்துக்கும் படத்துக்கும் ஒருசேரக் கூலி நிறுத்தப்பட்டது. நோட்டில் அத்தேதிக்கு நேரே ‘இரண்டும் போச்சு’ என்று இரண்டே சொற்கள் உள. வீட்டார்மீது குற்றம் சொல்ல இடமில்லை. அவர்களுக்கு அத்திருமணம் ஒருமுறைதான்.

அதன்பின் ஒரு திருமணத்தில் ஒரு தொழில் என்று வகுத்துக்கொண்டார். எனினும் அதனினும் பெரிய சிக்கல் ஒன்று நோட்டைக் கூட்டிக்கழித்துப் பார்த்தபோதுதான் எமக்குப் புலப்பட்டது. இரண்டு தொழில் செய்பவர் ஒன்று ஓய்ந்தபோது மற்றொன்றால் வாழ்வர் என்று பொதுவாகக் கூறுகின்றோம். இவர் கொண்ட இரண்டு தொழிலும் முகூர்த்த நாளையே நம்பியவை. தையிலும் வைகாசியிலும் இரண்டுக்கும் ஆள் போதாது. ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் இரண்டும் ஒருசேரப் படுத்துவிடும். மலையாளத்தார்க்கும் கர்க்கடகத்தில் திருமணம் இல்லை. ஆகவே இரண்டு தொழிலால் நெருக்கடி இரட்டித்ததே அன்றிப் பட்டினி குறையவில்லை. 1968-ஆம் ஆண்டு மார்கழிப் பக்கத்தில் உள்ள ஒரே வரி, காமிராவை அடகு வைத்த கணக்கு.

இதற்கு அவர் கண்ட வழி மலையேறுதல். தை பிறந்து அடகை மீட்டதும், அடுத்த மார்கழிக்குத் திட்டமிட்டார். பாலக்காட்டில் மீட்டர் பாதை வண்டியேறி உடுமலையில் இறங்கினால், அங்கிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றுக்குப் பேருந்து உண்டு. சமவெளியில் முகூர்த்தமில்லாத மார்கழியில் மூணாற்று வானம் தெளிவாய், வெயில் இளங்குளிரோடு, படமெடுப்பதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். அதைவிட முக்கியம், அங்குள்ளோரின் நல்ல நாட்கள் வேறு. தோட்டத் தொழிலாளருள் கிறித்தவர் மிகுதி. கிறித்துமசுக்குப் புத்தாடை உடுத்துவர். தீபாவளிக்கு முன் போனசு பெறுவோர் புரட்டாசி, ஐப்பசியிலேயே கையில் காசு காண்பர். போனசு என்பது மலைத்தோட்டத்தில் வெறுஞ்சொல் அன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தெருவில் அமர்ந்ததும் அதன்பொருட்டே.

இம்மலை மக்கள் யாவர் என்பதையும் இளைஞர்க்காக இங்குக் குறித்தல் நலம். 1877-இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகையாகப் பெற்றார். தேயிலை வேலைக்குக் கங்காணிகள் வழியாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து தமிழர் அழைத்து வரப்பட்டனர். மறையூரை உள்ளிட்ட அஞ்சுநாட்டு ஊர்களிலோ தோட்டம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மதுரைப் பக்கத்துத் தமிழர் குடியேறியிருந்தனர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு இருப்புப்பாதை ஒன்று ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியாகத் தேயிலைப் பெட்டிகள் போடிப் பக்கம் இறங்கின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அடியோடு கொண்டுபோயிற்று. மீண்டும் அது போடப்படவே இல்லை. இருப்புப்பாதை எழுத்தர் என்ற முறையில் எமக்கு இது ஆறாத வருத்தம். போடிக்கு வந்த பாதையும் போர்க்காலத்தில் பெயர்க்கப்பட்டு, பின் போடப்பட்டு, அகலப்பாதைக்காக மறுபடி மூடப்பட்டு, 2023-இல்தான் மீண்டும் வண்டி கண்டது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தெற்கே நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னையோடு சேர, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இன்று அவை 1972-இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் உள.

இத்தகையோர்க்கு நிழற்படம் அலங்காரப் பொருள் மட்டும் அன்று. தாய் கயத்தாற்றில் இருப்பாள். பேரனை அவள் கண்டிராள். படம் ஒன்று அஞ்சலில் போகும். இலங்கையிலிருந்து 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி திரும்பியோர் சிலர் வண்டிப்பெரியாற்றை அடுத்த கவி முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டபின், அவர்களின் உறவினர் தேடியும் படங்கள் போயின. எம் பெரியப்பாவின் நோட்டில் ‘பழம்படத்துக்கு நகல்’ என்னும் குறிப்பு அடிக்கடி வருகின்றது. பாட்டனார் பங்களா வாயிலில் நிற்கும் மங்கிய படம் ஒன்றைக் கொணர்ந்து, ஐந்து மக்களுக்கும் ஐந்து படி வேண்டும் என்பர். அதனைப் பலகையில் குத்தி, நிழலில் வைத்து, மறுபடி படமெடுத்துக் கொடுப்பார்.

மலையில் அவர்க்குத் தங்குமிடம் லயத்து வீட்டு அடுக்களையே. படமெடுத்தவர் பணம் கொடுக்குமுன் படத்தைப் பார்க்க விரும்புவர். ஊருக்குக் கொண்டுபோய் அனுப்புவேன் என்றால் நம்பார். ஆகவே இரவில் அடுப்பவிந்தபின், சன்னலைக் கம்பளியால் அடைத்து, சோற்றுச் சட்டி இருந்த இடத்தில் மருந்துத் தட்டுகளை வைத்து வேலை செய்வார். இங்கே சமையற்காரரின் கை உதவிற்று. படங்கழுவும் மருந்துநீர் இருபது பாகை செல்சியசில் இருத்தல் வேண்டும். பாலக்காட்டுக் கோடையில் கிணற்று நீரே முப்பதை நெருங்கும். செலட்டின் ஊறி, வெந்த கஞ்சிபோல் வழுக்கிவிடும். அதனைக் கெட்டிப்படுத்தப் படிகாரம் சேர்ப்பர். மூணாற்று மார்கழியிலோ நீர் கையைக் கொல்லும். மருந்து வேலை செய்யாது. வெப்பமானி இல்லாமலே, பால் தோய்க்கும் சூட்டைப் பார்ப்பதுபோல் விரலைத் தோய்த்து, இன்னும் அரைக் கரண்டி வெந்நீர் என்பாராம். பதினைந்து வயதில் கற்றது பலித்தது.

ஒருமுறை வழியிலுள்ள ஒரு சோதனைச் சாவடியில் அவர் பையிலிருந்த ஐப்போவைக் கண்டு காவலர் ஐயுற்றனர். அது பார்வைக்குக் கற்கண்டுபோலவே இருக்கும். விளக்கிச் சொல்லியும் கேளாததால், ஒரு துண்டை நாவில் வைத்துக் காட்டினாராம். அன்பர்கள் இதனைச் செய்து பார்த்தல் வேண்டா. இவர் அதனாலேயே கற்கண்டு டப்பாவையும் ஐப்போ டப்பாவையும் எந்நாளும் ஒரே பையில் வைத்ததில்லை.

இவ்வாறு ஐந்தாறு ஆண்டுகள் நன்றாகவே சென்றன. தை முதல் ஆனி வரை கரண்டி. ஆடியில் வீட்டிருந்து பெரிதாக்கும் வேலை. புரட்டாசியும் மார்கழியும் மலை. எம் தந்தையின் படிப்புச் செலவும் அத்தையின் திருமணமும் அவ்வருவாயில் நடந்தவை. பிறகு வந்த கேடு வெளியிலிருந்து வரவில்லை. படங்கழுவும் மருந்தில் மெட்டால் என்றொரு பொருள் உண்டு. சிலருடைய தோலுக்கு அது ஆகாது. பல ஆண்டுகள் கையால் அளைந்தவர்க்கு விரலிடுக்கில் தினவெடுத்துத் தோல் உரிந்து வெடிக்கும். 1975-இல் அவர் கைகள் அவ்வாறாயின. மருத்துவர் மரக்குச்சியால் எடுக்கச் சொன்னார். அவரும் அவ்வாறே செய்தார். புண் ஓரளவு ஆறிற்று. ஆனால் சமையற்காரரின் கை என்பது ஊரார் பார்க்கும் கை. மாவு பிசையும் கையில் தோல் உரிவதைப் பந்தியில் ஒருவர் பார்த்தாலும் போதும். நோய் எதுவென்று யாரும் கேட்கவில்லை. தொற்றுநோய் என்று தாமே முடிவு செய்துகொண்டனர். அவ்வாண்டு வைகாசிக்குக் கொடுத்திருந்த அச்சாரங்கள் மூன்றும் திரும்ப வாங்கப்பட்டன. நோட்டின் முன்புறம் அத்துடன் நின்றுவிடுகின்றது. அதன்பின் உள்ள நாற்பது பக்கங்கள் வெற்றுத்தாள்.

அவர்க்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. ஆகவே மருத்துவச் செலவு கேட்க இடமில்லை. தோட்டத் தொழிலாளிக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டம் வீடும் மருத்துவமும் கூறிற்று. இருப்புப்பாதைத் தொழிலாளிக்கு மருத்துவமனை உண்டு. அச்சாரத்தை நம்பி வாழ்பவர்க்கு அவருடைய கையே வைப்புநிதி. எழுத்தர் வேலையின் சலிப்பைப் பற்றி யாம் வீட்டில் முணுமுணுக்கும்போதெல்லாம் எம் தந்தையார் அவ்வெற்றுத்தாள்களைப் பற்றியே பேசுவார்.

எஞ்சிய கதை விரைவில் முடிவது. நிழற்படம் ஒன்றையே கொண்டு அவர் மேலும் பதினெட்டு ஆண்டுகள் பிழைத்தார். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பெருகியபோது கடவுச்சீட்டுப் படங்கள் கைகொடுத்தன. நிறப்படம் வந்தபின் கழுவும் வேலை நகரத்து ஆய்வகங்களுக்குப் போயிற்று. இருட்டறையில் அம்மியும் உரலும் திரும்பி வந்தன. 1993-இல் தேர்தல் ஆணையம் படத்துடன் கூடிய வாக்காளர் அட்டைக்கு ஆணையிட்டபோது மலையில் பெரும் வேலை கிடைக்குமென்று புதுச் சுருள்கள் வாங்கி வைத்தார். அப்படங்கள் முகாம்களிலேயே எடுக்கப்பட்டன. சுருள்கள் காலாவதியாயின. உதகைத் தொழிற்சாலையும் பிற்காலத்தில் மூடப்பட்டுவிட்டது.

அவருடைய பேரன் இப்பொழுது துபாயில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் பணிபுரிகின்றான். விடுமுறை நாட்களில் தமிழர் இல்லப் பிறந்தநாள் விழாக்களுக்குச் சமைப்பதும் படம் எடுப்பதும் அவனுக்கு உபதொழில். அந்நாட்டில் ஒருவரிடம் பணி உரிமம் பெற்றவர் வேறிடத்தில் ஊதியம் பெறுவதற்கு முன்னர்ப் பெருந்தடை இருந்தது. பின்னர்தான் அமீரக அரசு பகுதிநேரப் பணிக்கு அனுமதி வழங்கத் தொடங்கிற்று. தாத்தாவுக்குச் சோதனைச் சாவடி. பேரனுக்கு உரிமச் சீட்டு. ‘சித்தப்பா, பாலடையை அடுப்பில் வைத்துவிட்டுக் கேக் வெட்டுவதைப் படமெடுக்க ஓடினேன், பிடித்துவிட்டது’ என்று சென்ற ஆண்டு தொலைபேசியில் சொன்னான். எமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நோட்டைப் பற்றிச் சொன்னோம். அவன் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னான்; அனுப்பினோம்.

நோட்டோடு பிசுக்கோத்துத் தகரப்பெட்டி ஒன்றும் எம்மிடம் வந்தது. அதில் மலையில் எடுத்த படங்களின் எதிர்ப்படலங்கள் ஆயிரத்துக்கு மேல் உள. பழம்படத்து நகல்களும் அவற்றுள் இருக்கின்றன. நெடுநாள் அதனைப் பரண்மேல் வைத்திருந்தோம். 2020 ஆகசுடு 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு லயங்களை மூடி எழுபது உயிரைக் கொண்டுபோயிற்று. மாண்டவர் பலரின் பூர்வீகம் கயத்தாறு. வீட்டோடு சுவரும், சுவரோடு அதில் தொங்கியனவும் மண்ணுக்குள் போயின. அன்றுதான் பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம்.

பட்டியல் சாதிச் சான்று பெறுவதற்குத் தம் முன்னோர் 1950-க்கு முன்னரே இம்மாநிலத்தில் குடியிருந்தனர் என்று காட்டவேண்டிய நிலை இன்றும் மலைத் தமிழர்க்கு உண்டு. 2021-ஆம் ஆண்டுத் தேவிகுளம் தொகுதித் தேர்தல் வழக்கில், வெற்றி பெற்றவரின் முன்னோர் எப்பொழுது வந்தனர், அவர் எம்மதத்தினர் என்பன வினாக்களாயின; திருமணப் படங்களும் நீதிமன்றத்தில் காட்டப்பட்டன. 2023-இல் உயர் நீதிமன்றம் அத்தேர்தல் செல்லாது என்றது. 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வழக்கின் உட்பொருளில் யாம் புகவில்லை. கலியாணத்தன்று யாரோ ஒருவர் எடுத்த படம் அவ்வளவு தொலைவு நடந்ததே என்று மட்டும் வியந்தோம்.

எதிர்ப்படலங்களுள் ஐந்தில் ஒரு பங்கு பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டது. ஏனையவற்றைப் பேரன் அனுப்பிய பணத்தில் கணினிப் படங்களாக மாற்றி வருகின்றோம். இதுவரை முந்நூறு முடிந்தன. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே தோட்டத்தின் பெயரும் லயத்து எண்ணும் உள. அவற்றை இம்மலரில் அச்சிடுதல் முறையாகாது. ஆண்டு விழாவன்று மாலை ஐந்து மணி முதல் மண்டப வாயிலில் பெட்டியோடு அமர்ந்திருப்போம். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பக்கத்தில் உறவுடைய அன்பர்கள் வந்து நோட்டைப் பார்க்கலாம். தம் வீட்டுப் படம் இருந்தால் படி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பல எண்களுக்கு நேரே ‘படம் கொடுத்தாயிற்று, பணம் பாக்கி’ என்று பெரியப்பாவின் கையெழுத்தில் எழுதியிருக்கும். அதுபற்றி யாரும் கூச வேண்டா. பாக்கியை யாம் கேட்கப்போவதில்லை.